காகிதப் பைக்காரி

1957 சித்திரையில் சிவனணைந்தபெருமாள் ஆஸ்பத்திரியிலிருந்து தென்காசிக்குத் திரும்பி வந்தபோது அவன் சட்டைப் பையில் ஒரு சர்ட்டிபிகேட் இருந்தது. இரண்டு வருஷமும் நாலு மாதமும் மாத்திரை தின்று சம்பாதித்த காகிதம். இவருக்கு வந்த குஷ்டம் என்னும் பெருவியாதி குணமாகிவிட்டது, இனி இவரால் யாருக்கும் ஒட்டாது, எந்த வேலையும் கொடுக்கலாம் என்று பெரிய டாக்டர் இங்கிலீஷில் எழுதி, கீழே தமிழிலும் எழுதி, சீல் குத்தியிருந்தார்.

அவன் மனைவி உலகம்மைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீல் குத்திய இடத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது போதுமா?"

"போதும்ட்டி. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் பெருமாள். வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே மடங்கி நின்றன. மற்றபடி பழைய பெருமாள்தான்.

வியாதி வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவன் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தவன். மறுநாள் காலையில் அங்கேதான் போனான். உலகம்மையும் கூடப் போய் எதிர்ப்புறம் நின்றாள். முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். பெருமாள் சர்ட்டிபிகேட்டை நீட்டினான். "மேசையில வையி" என்றார். வைத்தான். அவர் கையால் எடுக்கவில்லை. கணக்கெழுதும் ஸ்கேலால் மடிப்பை நீக்கி, குனிந்து, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்ல காயிதம்தான் பெருமாள். நான் ஒத்துக்கிடுதேன். இலையில உக்காந்திருக்கவன் ஒத்துக்கிடணுமே."

ஸ்கேலாலேயே அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

அப்புறம் அரிசி மில், மர அறுப்பு மில், பஸ் ஷெட், செங்கல் சூளை. எல்லா இடத்திலும் மரியாதையாகவே சொன்னார்கள். சிலர் காபிக்குக் காசு கொடுத்தார்கள். கையில் கொடுக்காமல் திண்டில் வைத்தார்கள். ஒரு மாதத்தில் சர்ட்டிபிகேட் மடிப்போடு மடிப்பாகக் கிழிய ஆரம்பித்தது.

அவன் இல்லாத காலத்தில் உலகம்மை ஒரு வக்கீல் வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தாள். புருஷன் கொழும்புக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாள். அவன் தெருவில் நடமாட ஆரம்பித்த இரண்டாவது வாரம், வக்கீல் வீட்டம்மா மாதம் முடியும் முன்னே சம்பளத்தைக் கொல்லை நடையில் வைத்துவிட்டு, "நாளையிலேருந்து நீ வராண்டாம் உலகம்மை" என்றாள். காரணம் சொல்லவில்லை. உலகம்மையும் கேட்கவில்லை.

அவர்களுடைய மகள் செண்பகத்துக்கு அப்போது எட்டு வயது. சுரண்டையில் உலகம்மையின் அண்ணன் வீட்டில் இருந்தாள். பிள்ளையைப் பார்க்கப் போனபோது மதினி, "அதான் அவ அப்பா வந்துட்டாவல்லா, கூட்டிட்டுப் போயேன்" என்றாள். உலகம்மை பதில் சொல்வதற்குள், "ஒண்ணும் தப்பா நெனைக்காத. அவளுக்குச் சோத்து வட்டில் தனியாத்தான் வச்சிருக்கேன்" என்றாள். அடுக்களை மூலையில், மற்ற வட்டில்களோடு சேராமல், சொட்டை விழுந்த ஒரு அலுமினிய வட்டில் கவிழ்ந்து கிடந்தது. உலகம்மை அதைப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது தென்காசி வரைக்கும் அவளுக்கு அந்த வட்டில்தான் கண்ணில் நின்றது. பிள்ளையைக் கூட்டி வந்தால் எதைப் போடுவது?

வைகாசி பாதியில் வீட்டில் அடுப்பு எரிந்து மூன்று நாளாகியிருந்தது. காலையில் பெருமாள் வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, "குத்தாலத்துக்குப் போவமா?" என்று கேட்டான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவன் குரலிலேயே தெரிந்துவிட்டது. அவளும் மறுக்கவில்லை. செண்பகத்துக்குத் தன் அண்ணன் இருக்கிறான், தனி வட்டிலானாலும் சோறு போடுவான் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெயிலில் நடந்தே போனார்கள்.

அருவியில் தண்ணீர் இல்லை. கருத்த பாறை மேலிருந்து கீழ்வரைக்கும் உலர்ந்து நின்றது. ஓரமாக ஒரு ஈரக் கோடு வழிந்தது, அவ்வளவுதான். குரங்குகள் தடாகத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தன. பெருமாள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"பாத்தியா உலகு? சாவுறதுக்குக்கூட சீசன் வரணும்போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பாறையில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய பத்திரிகைத் தாளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் விரல் விறைத்துப் போகாமல் இருக்க மாத்திரைப் பொட்டலம் மடிக்கப் பழக்கியிருந்தார்கள். நாளைக்கு முந்நூறு நானூறு மடிப்பான். இப்போது நினைப்பில்லாமலே கை அதைச் செய்தது. மடங்கிய இரண்டு விரலும் தாளை அழுத்திப் பிடிக்க வாகாக இருந்தன.

பாதை ஓரத்தில் ஒருத்தி தன் கடைக் கீற்றை மாற்றிக் கட்டச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். சைதூன் பீவி. கடையநல்லூர்க்காரி. சீசனுக்கு நேந்திரங்காய் வற்றலும் பழமும் விற்பவள். "கடை தெறந்தா போதுமா? மடிச்சுக் குடுக்கப் பைக்கு எங்கன போவ? திருநெல்வேலிக்காரன் போன வருசம் ஆடி பொறந்த பொறவுல்ல அனுப்புனான்!" என்று அவள் போட்ட சத்தம் பாறை வரைக்கும் கேட்டது.

உலகம்மை புருஷன் கையில் இருந்ததைப் பார்த்தாள். அடிப்பாகம் கத்தி வைத்ததுபோல் மடிந்திருந்தது. அதை வாங்கினாள். உள்ளே ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் போட்டுத் தூக்கினாள். பிரியவில்லை.

"நீங்க இங்கனயே இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சைதூன் பீவி பையை உதறிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். "பசை இல்லாமலே நிக்கே. யாரு செஞ்சது?"

"நாந்தான்" என்றாள் உலகம்மை. மூன்று நாள் பட்டினியில் அந்தப் பொய் யோசிக்காமலே வந்தது.

இப்படித்தான் அவர்கள் தொழில் ஆரம்பித்தது. உலகம்மை தாலியில் கோர்த்திருந்த இரண்டு குண்டுமணிப் பொன்னை விற்று, தாலுகா கச்சேரிப் பக்கம் நிறுவைக்குப் பழைய பேப்பர் வாங்கினாள். மரவள்ளிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சினாள். பெருமாள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மடித்தான். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவான். முதல் கட்டு தயாரானபோது அவன் அதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"திங்குற சாமானை இதுலதான போடுவாவ?"

"டாக்டரு என்ன சொன்னாரு? ஒட்டாதுன்னுதான சொன்னாரு?"

"சொன்னாரு. இருந்தாலும் சொல்லாமக் குடுக்கோமே உலகு."

"சொன்னா வாங்குவாவளா?" என்று அவள் சத்தம் போட்டாள். தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. "ஒரு மாசமா ஊரு பூரா அந்தக் காயிதத்தக் காட்டினியளே. ஒருத்தனாவது கையால தொட்டானா?"

அவன் கட்டிலிருந்து கையை எடுத்தான். அவள் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆனி பிறந்தது. மேற்கே மலை மூடிக்கொண்டது, சாரல் விழுந்தது, அருவி கொட்ட ஆரம்பித்தது. ஜனம் வண்டி கட்டிக்கொண்டும் பஸ்ஸிலும் வந்து குவிந்தது. சைதூன் பீவியைப் பார்த்து மற்றக் கடைக்காரர்களும் பை கேட்டார்கள். அந்த ஒன்றரை மாதமும் உலகம்மை ஓடிக்கொண்டே இருந்தாள். அடுப்பு தினமும் எரிந்தது. ஆடி முதல் வெள்ளியன்று சுரண்டைக்குப் போய்ச் செண்பகத்தைக் கூட்டிவந்தாள். பிள்ளை அப்பாவின் கையைப் பார்த்து முதலில் ஒதுங்கி நின்றது. இரண்டாம் நாள், தாளை எப்படி மடிக்கிறது என்று கேட்டு மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆடி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உலகம்மை கட்டை இறக்கி வைத்துவிட்டு சைதூன் பீவி கடையில் நின்றாள். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கூட்டம் கூட்டமாக ஆட்கள் வற்றல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் கடற்கரை இருந்தான். பெருமாளோடு ஹோட்டலில் சப்ளையராக இருந்தவன். நல்ல மனுஷன். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, அருவிச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று தொண்டையைத் திறந்து கத்தினான்.

"ஏ உலகம்மை! பெருமாளு சொகமா இருக்கானா? பெருவியாதி ஆசுபத்திரியில இருந்து வந்துட்டானாமே! பை ஒட்டிப் பொழைக்கியளாக்கும்! நல்லா இருங்க, நல்லா இருங்க!"

அவன் வாழ்த்தத்தான் செய்தான். ஆனால் வற்றல் பையைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் அதைக் கீழே போட்டாள். அவள் பிள்ளையின் வாயிலிருந்ததை விரல் விட்டுத் தோண்டி எடுத்தாள். இன்னொருவன் தன் பையைக் கடைக்குள் எறிந்தான். என்ன, என்ன என்று கூட்டம் திரும்பியது. கடற்கரை முகம் வெளுத்து நின்றான்.

சைதூன் பீவி உலகம்மையைப் பார்த்தாள். "உள்ளதா?"

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே போதுமாக இருந்தது. பீவி பைக்கட்டுகள் அத்தனையையும் தன் கையாலேயே பாதைக்கு இழுத்துப் போட்டாள். மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்தாள். சாரலில் முதலில் புகைந்து, பிறகு குப்பென்று பிடித்தது. ஜனம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவள் ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் போட்டாள். "என் கடையில இனி ஒரு துண்டுகூடக் கெடையாது, பாத்துக்கிடுங்க!" என்று நாலு பக்கமும் திரும்பிச் சொன்னாள். உலகம்மை அந்த நெருப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். எப்போது நடக்க ஆரம்பித்தாள், எப்படித் தென்காசி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

நாலாம் நாள் சாயங்காலம் சைதூன் பீவி வீடு தேடி வந்தாள். உலகம்மை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"திட்டுறதுக்கு வந்தியளாக்கா?"

"திட்ட வரல. உக்காரச் சொல்லு, காலு வலிக்கு." வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "எதுக்கு மறைச்ச?"

"சொன்னா வாங்கியிருப்பியளா?"

பீவி யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். அப்புறம் தாழ்ந்த குரலில் பேசினாள். "எம் மாப்பிள ரங்கூனுக்குப் போயி, சண்டையில தொலஞ்சு, இன்னைக்குப் பதினஞ்சு வருசம். அவரு தம்பிமாரு வீட்டுல அடுப்படியில கெடன்னாவ. வெளிய வேல கேட்டேன், முக்காட்டப் போட்டுக்கிட்டு ஒனக்கு என்ன வேலன்னாவ. ஒருத்தனும் குடுக்கல. அதனாலதான் கடை போட்டேன். ஆசையிலயா போட்டேன்? நீ எதுக்குப் பொய் சொன்னன்னு எனக்குத் தெரியும் புள்ள. ஆனா என் கடை போச்சுன்னா நான் திரும்ப அந்த அடுப்படிக்குத்தான் போவணும்."

"இப்ப என்னக்கா செய்யச் சொல்லுதிய?"

"நீ தனியா செய்யி. நீயும் ஒம் மவளும் மட்டும். அவரு இந்த வீட்டுல இல்லன்னு ஊருக்குத் தெரியணும். நானே எல்லாக் கடையிலயும் சொல்லி வாங்க வைக்கேன். அவரு இருக்க வரைக்கும் என்னால முடியாது."

உள்ளறைக் கதவு திறந்தது. பெருமாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவிய சொல்லுறது சரிதான் உலகு" என்றான்.

அவள் எவ்வளவோ மன்றாடினாள். "நாம மூணு பேரும் ஒண்ணா இருக்கத்தான இத ஆரம்பிச்சோம்?" என்று கேட்டாள். அவன் ஒரு தாளை எடுத்து, அவளுக்கு எப்போதும் கோணிப்போகும் அந்த அடிமடிப்பை மறுபடி மறுபடி செய்து காட்டினான். அவளுக்குச் சரியாக வந்ததும் எழுந்தான். மறுநாள் காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். அங்கே பின்பக்கத்தில், குணமாகியும் போக இடமில்லாதவர்களுக்கு ஒரு குடியிருப்பு இருந்தது.

சைதூன் பீவி சொன்ன சொல் தவறவில்லை. ஒரு மாதத்தில் கடைகள் திரும்பி வந்தன. அடுத்த சீசனுக்குள் தென்காசிக் கடைவீதியிலும் உலகம்மையின் பைதான். 1961-ல் அவள் வீட்டில் நாலு பெண்கள் உட்கார்ந்து ஒட்டினார்கள். தெருவில் அவளைக் காகிதப் பைக்காரி என்று அடையாளம் சொன்னார்கள். வக்கீல் வீட்டம்மாகூட ஒருநாள் நிறுத்தி நலம் விசாரித்தாள்.

மாதம் ஒருமுறை உலகம்மை அவனைப் பார்க்கப் போவாள். முதல் வருஷம் ஒவ்வொரு தடவையும், "எப்ப வரட்டும்?" என்று கேட்டான். "இந்த சீசன் முடியட்டும்" என்பாள். இரண்டாம் வருஷமும் கேட்டான். மூன்றாம் வருஷம் அவன் கேட்பதை நிறுத்தினான். காலில் உணர்ச்சி இல்லாததால் ஒரு கண்ணாடிச் சில் ஏறியது தெரியாமல் நடந்ததில் புண்ணாகி, ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். அதை அவன் சொல்லவில்லை. அவளே பார்த்தாள்.

1962 பங்குனியில் அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தாள். ஊரு எது, தொழில் என்ன, பிள்ளை எத்தனை. பேச்சுவாக்கில், "வீட்டுக்காரரு இருக்காராம்மா?" என்றாள்.

"இல்ல" என்றாள் உலகம்மை.

சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பழகிப்போய் வந்த சொல். அந்த அம்மா "பாவம்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உலகம்மை கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். நெருப்புக்கு எதிரே நின்றபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. "வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினாள். ஊர் பேர் தெரியாத ஒரு புளியமரத்தடியில் இறங்கி, எதிர்த் திசை பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நின்றாள்.

"கெளம்புங்க" என்றாள் குடியிருப்பில் போய் நின்று.

"தொழிலு போயிரும்ட்டி."

"போவட்டும்."

"செண்பகத்துக்குச் சம்பந்தம் பேசணும். அதையும் யோசிச்சியா?"

"யோசிச்சா வர முடியாதுங்க. எந்திரிங்க."

வீட்டில் செண்பகம் அப்பாவைக் கண்டதும் சோற்றுப் பானையை இறக்கினாள். மறுநாள் காலையில் பெருமாள் உள்ளறைக்குப் போகவில்லை. முன்வாசலில், தெரு பார்க்க உட்கார்ந்து மடித்தான். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று உலகம்மை சொல்லியிருந்தாள். வேலைக்கு வந்த பெண்களில் இரண்டு பேர் தெருமுனையிலேயே திரும்பிப் போனார்கள். ஒருத்தி வாசல் வரை வந்து, கணக்கைத் தீர்க்கச் சொன்னாள். நாலாவது ஆள் பிச்சம்மாள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். வெகுநேரம் நின்று பெருமாளையே பார்த்தாள்.

"நீயும் போறதுன்னா போ பிச்சம்மா" என்றாள் உலகம்மை.

"எங்கன போவச் சொல்லுதிய?" என்று எரிந்து விழுந்துவிட்டு, பெருமாளிடமிருந்து நாலு முழம் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து பசைச் சட்டியை இழுத்தாள்.

அந்த வாரத்துக்குள் எல்லாக் கடையும் பை வாங்குவதை நிறுத்தியது. சைதூன் பீவி வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. உலகம்மையும் போய்க் கேட்கவில்லை. மடித்த பைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அரிசி குறைந்துகொண்டே வந்தது. பத்தாம் நாள் அவள் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு சுரண்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கே மந்திரமூர்த்தி என்று ஒருவர் கத்தரி, மிளகாய், வெண்டை விதை விற்கும் கடை வைத்திருந்தார்.

அவர் பையைப் புரட்டிப் பார்த்தார். "சின்னதா செஞ்சு தருவியளா? வெதைக்கு இம்புட்டுப் பெருசு வேண்டாம். யாரு செய்யுதது?"

உலகம்மை திரும்பிப் பார்த்தாள். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள்.

"நானும் எம் புருசனும். அவியளுக்குப் பெருவியாதி வந்து கொணமாயிட்டு. வெரலு ரெண்டு மடங்கியிருக்கும். வேணும்னா வாங்குங்க, வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க அண்ணாச்சி."

மூன்று பேரில் ஒருவர் நகர்ந்து வெளியே போனார். மந்திரமூர்த்தி அவர் போவதைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கீழே வைக்கவில்லை.

"வெத மண்ணுக்குள்ளதான போவுது. மண்ணு கேக்காது" என்றார் மெதுவாக. "ஆனா பாதிக் கட்டு போதும். ஆளுவ என்ன சொல்லுதாவன்னு பாக்கணும். வெலையும் கொறச்சுத்தான் தருவேன்."

"தாங்க" என்றாள்.

பாதிக் கட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் மேசையில் வைத்த காசை எடுத்து முந்தியில் முடிந்தாள். ஒரு வேளைச் சோற்றுக்குப் போதும். மீதிக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இந்தத் தெருவில் இன்னும் எந்தெந்தக் கடையில் தின்பதற்கில்லாத சாமான் விற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வெயிலில் இறங்கி நடந்தாள்.